லேப் வேலையும் பாதுகாப்பும்: டெக்னீஷியன்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இது பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரி லேபுக்காக எழுதியதல்ல. இரண்டு மூன்று டெக்னீஷியன்கள், ஒரு செல் கவுண்டர், ஒரு செமி ஆட்டோ அனலைசர், ஒரு சென்ட்ரிஃபியூஜ் (ட்யூபைச் சுழற்றி ரத்தத்தைப் பிரிக்கிற இயந்திரம்), மூலையில் ஒரு ஃபிரிட்ஜ் என்று ஓடுகிற சின்ன ரத்தப் பரிசோதனை லேப்களில் வேலை செய்கிறவர்களுக்கானது. டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) படிக்கும்போது இதெல்லாம் பாடத்தில் வந்து போயிருக்கும்தான். ஆனால் காலை ஏழு மணிக்கு ஃபாஸ்டிங் சாம்பிள் கூட்டம் வாசல் வரை நிற்கும்போது பாடம் எங்கே ஞாபகம் வருகிறது?

ஊசி குத்திவிட்டது. முதலில் என்ன செய்வது?

கிளவுஸைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அவ்வளவுதான் முதலுதவி. விரலைப் பிதுக்கி ரத்தத்தை வெளியேற்ற வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம், ஹைப்போவிலோ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி) ஸ்பிரிட்டிலோ முக்கவே வேண்டாம். பிதுக்குவதும் எரிச்சல் தரும் மருந்தை ஊற்றுவதும் அந்த இடத்துச் சதையைப் புண்ணாக்குமே தவிர கிருமியை வெளியே கொண்டுவராது. கண்ணில் தெறித்திருந்தால் சோப்பு கூடாது, வெறும் தண்ணீரோ சலைனோ விட்டு நன்றாகக் கழுவ வேண்டும்.

அடுத்து, கையில் இருக்கிற வேலையை யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். 'இந்தக் கூட்டம் முடியட்டும்', 'ரிப்போர்ட் கொடுத்துவிட்டுப் போகிறேன்' என்று சாயங்காலம் ஆகிவிடும். எச்ஐவி தொற்றாமல் இருக்கக் கொடுக்கிற தடுப்பு மருந்தை (லேபில் எல்லோரும் 'பெப்' என்பார்கள்) எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு மணி நேரத்துக்குள் முதல் டோஸ் போவது சிறந்தது, 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிப் பயனில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் எச்ஐவி சிகிச்சை தருகிற ஏஆர்டி மையம் இருக்கும். அது மூடியிருக்கிற நேரமென்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், லேப் வேலையில் ஊசி குத்தியது என்று சொல்லுங்கள். எங்கே போவது என்றே தெரியவில்லையென்றால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். மருந்து 28 நாள், தினமும். பாதியில் நிறுத்தக் கூடாது, டாக்டர் நிறுத்தச் சொன்னால் தவிர.

அந்த ரத்தம் யாருடையது என்று தெரிந்தால், அவர் சம்மதத்தோடு எச்ஐவி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி மூன்றும் பார்க்க வேண்டும். அந்த ரிசல்ட் வரட்டும் என்று முதல் டோஸைத் தள்ளிப்போடாதீர்கள், நெகட்டிவ் என்று வந்தால் மருந்தை நிறுத்துவது டாக்டருக்குப் பெரிய வேலை இல்லை. உங்கள் ரத்தத்தையும் அன்றே எடுத்துப் பார்க்க வேண்டும். குத்துவதற்கு முன்பு உங்களுக்கு எதுவும் இல்லை என்பதற்கு அதுதான் ஆதாரம், பின்னால் இழப்பீடு கேட்கும் நிலை வந்தால் இந்த ஒரு தாள் இல்லாமல் பேச முடியாது. பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று திரும்பப் பார்ப்பார்கள். அதுவரை ரத்ததானம் வேண்டாம், தாம்பத்தியத்தில் ஆணுறை அவசியம்.

ஒரு தடவை குத்தினாலே வந்துவிடுமா?

பெரும்பாலும் வராது. எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரம் பேருக்குக் குத்தினால் ஏறக்குறைய மூன்று பேருக்கு. ஹெபடைடிஸ் சி-க்குப் பழைய கணக்கு 1.8 சதவீதம், புதிய ஆய்வுகள் அதைவிடக் குறைவாகவே சொல்கின்றன. ஆனால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாதவருக்கு 6 முதல் 30 சதவீதம். எல்லோரும் பயப்படுவது எச்ஐவிக்கு, பயப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி-க்கு. காய்ந்து போன ரத்தக் கறையில்கூட அந்த வைரஸ் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். கவுண்டர் மேஜையில், ரிக்வெஸ்ட் ஃபாரத்தின் ஓரத்தில் இருக்கிற பழுப்புக் கறைக்கெல்லாம் இந்தக் கணக்கு பொருந்தும்.

சிரிஞ்ச் ஊசி போல உள்ளே துளை உள்ளது குத்தினால், தையல் ஊசி மாதிரி கெட்டியானது குத்துவதைவிட ஆபத்து அதிகம். ஆழமாகக் குத்தினாலும், ஊசியில் ரத்தம் கண்ணுக்குத் தெரிந்தாலும் அதிகம்.

ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியும் இல்லை, குத்தியதும் போடுகிற மருந்தும் இல்லை. ஆனால் தொற்றினால் இப்போது மாத்திரையிலேயே குணப்படுத்த முடியும், பெரும்பாலும் 12 வாரத்தில். 2018-இல் தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அந்த மருந்து இலவசம்.

எனக்குச் சின்ன வயதிலேயே எல்லாத் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. ஹெபடைடிஸ் பி திரும்பவும் போட வேண்டுமா?

முதலில், அந்த 'எல்லா'வில் ஹெபடைடிஸ் பி இருந்ததா என்று பாருங்கள். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் அது நாடு முழுவதற்கும் வந்தது 2011 வாக்கில்தான். இப்போது 25, 30 வயதில் இருக்கிற பலருக்கு, வீட்டில் தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டிருந்தால்தான் உண்டு. அட்டை இல்லையென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று டோஸ்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. இரண்டாவதோடு மறந்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், விட்டதைப் போட்டால் போதும். மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி-எச்பிஎஸ் டைட்டர் (ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி எதிர்ப்புச் சக்தியின் அளவு) பார்க்க வேண்டும், 10-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் கடைசிப் படியை யாரும் செய்வதில்லை. லேபிலேயே வேலை செய்துகொண்டு சொந்த டைட்டர் தெரியாமல் இருப்பது கொஞ்சம் வேடிக்கைதான். 10-க்குக் கீழே இருந்தால் இன்னொரு சுற்று போட்டுப் பார்ப்பார்கள், சிலருக்கு அப்படியும் ஏறாது, அவர்கள் அதைத் தெரிந்து வைத்திருப்பது மிக முக்கியம். ஏனென்றால் ஊசி குத்தினால் அவர்களுக்கும், தடுப்பூசியே போடாதவர்களுக்கும், ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புச் சக்தியை நேராகவே தரும் ஊசி) தேவைப்படும். அதை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, விலையும் அதிகம்.

ஊசி குத்தாமலே இருக்க என்ன வழி?

கவனமாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது, அதனால் ஒரு பயனும் இல்லை. ரத்தம் எடுக்கும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறோம். குத்துவது அதற்குப் பிறகு. ஊசியை வெளியே எடுத்ததிலிருந்து அது பெட்டிக்குள் விழும் வரையுள்ள அந்தச் சில நொடிகளில், ஒரு கையில் பஞ்சு, மறு கையில் சிரிஞ்ச், நோயாளி 'தலை சுத்துதும்மா' என்கிறார், அடுத்தவர் டோக்கனை நீட்டுகிறார். அந்தச் சில நொடிகளைக் குறைப்பதுதான் வழி. என்னைக் கேட்டால், ஒரு லேபுக்குள் நுழைந்ததும் ரத்தம் எடுக்கும் நாற்காலிக்கும் ஊசி போடும் பெட்டிக்கும் எத்தனை தூரம் என்று பார்த்தாலே போதும், அந்த லேபில் பாதுகாப்பு எப்படி என்று சொல்லிவிடலாம். பெட்டி உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டணும், எழுந்து நாலடி நடக்கிற மாதிரி இருக்கக் கூடாது. முக்கால் பங்கு நிரம்பியதும் மூடிவிட்டு வேறு வைக்க வேண்டும். நிரம்பிய பெட்டியில் அழுத்தித் திணிக்கிறவருக்குத்தான் குத்தும்.

மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள். வேறு வழியே இல்லாத சமயத்தில், மூடியை மேஜையில் படுக்க வைத்து, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்து எடுங்கள், மூடியை இன்னொரு கையில் பிடிக்கக் கூடாது. சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை ட்யூப் ரப்பர் மூடி வழியாகக் குத்தி விடுவதும் அதே வகை ஆபத்து. ட்யூபைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யாமல் ஸ்டாண்டில் வைத்துச் செய்யுங்கள், முடிந்தால், ரத்தம் நேராக ட்யூபுக்குள்ளேயே போகிற வேக்குடெய்னர் ஹோல்டருக்கே மாறிவிடுங்கள். குழந்தைக்கு எடுக்கும்போது அம்மா பிடித்துக்கொள்வார் என்று நம்பாதீர்கள், அவர் கண்ணை மூடிக்கொள்வார். லேபிலிருந்து இன்னொருவர் வந்து கையைப் பிடிக்க வேண்டும்.

கிளவுஸ் போட்டால் போதுமா?

ஊசியைக் கிளவுஸ் தடுக்காது. குத்தும்போது ஊசியின் வெளிப்பக்க ரத்தத்தைக் கொஞ்சம் துடைத்துவிடும், அதுவும் ஒரு லாபம்தான். ஆனால் கிளவுஸ் போட்ட கையோடு போன் எடுப்பது, கதவுக் கைப்பிடியைத் தொடுவது, கீபோர்டில் ரிப்போர்ட் அடிப்பது என்று போனால், கிளவுஸே இல்லாமல் அடிக்கடி கை கழுவுகிறவர் எவ்வளவோ மேல். ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி, கழற்றியதும் கை கழுவ வேண்டும்.

ரசாயனத்துக்கு எந்தக் கிளவுஸ் என்பது தனிக் கதை. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியல் பேராசிரியர், 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்க்குரியைக் கையாளும்போது, லேடெக்ஸ் கிளவுஸ் மேல் சில துளிகள் விழுந்தன. எல்லா விதியையும் பின்பற்றித்தான் வேலை செய்தார். மாதங்கள் கழித்து நடை தள்ளாடி, பேச்சுக் குழறியது, 1997 ஜூனில் இறந்துவிட்டார். பிறகு சோதித்துப் பார்த்ததில் அந்த ரசாயனம் லேடெக்ஸைச் சில நொடிகளிலேயே ஊடுருவிவிடும் என்று தெரிந்தது. நம்மிடம் அந்த ரசாயனம் இல்லை, ஆனால் ஸ்லைடு தயாரிக்கும் சைலீன் இருக்கிறது. அதுவும் லேடெக்ஸ் வழியாகச் சீக்கிரம் உள்ளே போய்விடும், மெல்லிய நைட்ரைலும் அதிக நேரம் தாங்காது. மேலே பட்டால் உடனே கழற்றி வேறு மாற்றுங்கள். திசுவைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலினுக்கு நைட்ரைல் நல்லது.

ஹோம் கலெக்ஷன் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

லேபில் இருப்பவரைவிட உங்களுக்கு ஆபத்து அதிகம். வீட்டில் வெளிச்சம் சரியாக இருக்காது, கட்டிலின் ஓரத்தில் குனிந்து எடுக்க வேண்டியிருக்கும், குறுக்கே பேரன் ஓடுவான். ஊசி போடும் சின்னப் பெட்டி ஒன்று பையில் கட்டாயம் இருக்கணும். மூடி மாட்டி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவது, பஞ்சை நோயாளி வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடுவது இரண்டும் கூடாது.

ட்யூப்களை ஸ்டாண்டில் நிற்க வைத்து, அந்த ஸ்டாண்டை ஒழுகாத டப்பாவில் போட்டு, டப்பாவை வெளிப்பெட்டிக்குள் வையுங்கள், இடையில் உறிஞ்சுகிற மாதிரி பஞ்சோ துணியோ இருக்கட்டும். பைக்கில் பள்ளத்தில் விழுந்தாலும் ரத்தம் வெளியே வரக் கூடாது. ரிக்வெஸ்ட் ஃபாரம் வெளியே தனிக் கவரில் இருக்கட்டும். மத்தியானச் சாப்பாட்டு டிபன் பாக்ஸ் அந்தப் பையில் இருக்கவே கூடாது.

சென்ட்ரிஃபியூஜ் ஓடும்போது ட்யூப் உடைந்த சத்தம் கேட்டது. திறக்கலாமா?

திறக்காதீர்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டு 30 நிமிடம் அப்படியே விடுங்கள். உள்ளே ரத்தம் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக மிதந்துகொண்டிருக்கும், அது படிய நேரம் வேண்டும். திறந்த பிறகுதான் உடைந்தது தெரிந்தது என்றாலும் உடனே மூடிவிட்டு அதே 30 நிமிடம். அவசர சாம்பிள் இருக்கிறதே என்பீர்கள், நோயாளியிடம் மறுபடி எடுக்கலாம். பிறகு தடித்த கிளவுஸ், மாஸ்க் போட்டு, கண்ணாடித் துண்டை ஃபோர்செப்ஸால் எடுங்கள். உள்ளே ஹைப்போ ஊற்ற வேண்டாம், உலோகம் அரித்துவிடும், பிறகு அந்த ரோட்டரே ஒரு நாள் உடையும். உலோகத்தை அரிக்காத கிருமிநாசினியைப் பயன்படுத்துங்கள். எதிரெதிர் ட்யூப்களை எடை சமமாக வைத்தால் இந்தப் பிரச்சினை பாதி வராது.

ரத்தம் தரையில் கொட்டிவிட்டது. ஹைப்போ எவ்வளவு கலக்கணும்?

1 சதவீதம். கேனில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு பங்கு ஹைப்போவுக்கு நாலு பங்கு தண்ணீர், 10 என்றால் ஒன்றுக்கு ஒன்பது. கொட்டிய இடத்தில் முதலில் டிஷ்யூவோ பழைய துணியோ போட்டு மூடி, அதன் மேல் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக ஊற்றி, 20, 30 நிமிடம் விட்டு, பிறகு அள்ளித் துடையுங்கள். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நேற்றுக் கலந்த ஹைப்போவில் வாசனை இருக்கும், வேலை இருக்காது.

ஒரு முக்கியமான விஷயம். ஹைப்போவும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பாத்ரூம் கழுவும் ஆசிடோடு சேரக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். ஆனால் சில டெஸ்டுகளுக்கு 24 மணி நேர யூரின் கேனில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றிக் கொடுப்போமே, அந்த மிச்ச யூரினை ஹைப்போ வாளியில் கொட்டினால் அதேதான் நடக்கும். அந்தக் கேனை நோயாளியிடம் கொடுக்கும்போது உள்ளே ஆசிட் இருக்கிறது, நேராக அதற்குள் போகாதீர்கள், வேறு பாத்திரத்தில் பிடித்து ஊற்றுங்கள் என்று சொல்லி, மேலே எழுதியும் ஒட்டுங்கள்.

சளி சாம்பிள் பார்க்கிறேன். சாதாரண மாஸ்க் போதாதா?

போதாது. சர்ஜிக்கல் மாஸ்க் உங்கள் எச்சில் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும், காற்றில் மிதக்கிற டிபி கிருமியைத் தடுக்க என்-95 வேண்டும், அதுவும் ஓரத்தில் இடைவெளி இல்லாமல் முகத்தோடு ஒட்டி. தாடி இருந்தால் ஒட்டாது. ஆனாலும் மாஸ்க்கைவிட முக்கியம் காற்றோட்டம். ஏசியைப் போட்டுக் கதவை அடைத்துக்கொண்டு ஸ்மியர் (சளியை ஸ்லைடில் தேய்ப்பது) போடுவதைவிட, ஜன்னல் திறந்த அறையில், காற்று உங்கள் முதுகிலிருந்து சாம்பிள் பக்கம் போகிற மாதிரி உட்கார்ந்து போடுவது நல்லது. நோயாளியை லேபுக்குள் சளி துப்ப வைக்காதீர்கள், வெளியே திறந்த இடத்துக்கு அனுப்புங்கள். நேரடி ஸ்மியர் ஒன்று, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) வேறு. டிபி கல்ச்சரைச் சின்ன லேபில் தொடவே கூடாது.

லேமினார் ஃப்ளோ இருக்கிறதே என்பார்கள் சிலர். அது சாம்பிளைத் தூசியிலிருந்து காப்பாற்றுகிற இயந்திரம், பெரும்பாலானவற்றில் காற்று உள்ளேயிருந்து நேராக உங்கள் முகத்துக்கு வரும். உங்களைக் காப்பாற்றுவது பயோசேஃப்டி கேபினட். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

கல்ச்சர் தட்டை முகர்ந்து பார்த்து இது இன்ன கிருமி என்று சொல்வது அந்தக் காலத்தில் கெட்டிக்காரத்தனம். புருசெல்லா என்ற கிருமி இப்படித்தான் லேப் ஆட்களுக்குத் தொற்றும். மாடு, ஆடு வளர்க்கிறவர் நீண்ட நாள் காய்ச்சலோடு வந்து ரத்தக் கல்ச்சர் கொடுத்திருந்தால் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாயால் பிப்பெட் இழுக்கலாமா?

கூடாது. தண்ணீராக இருந்தாலும் கூடாது.

ஃபார்மலின் வாசனை பழகிவிட்டது, பரவாயில்லையா?

மூக்குத்தான் பழகியது. ஃபார்மலினில் இருக்கிற ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் தலைக்கு மேலே இருந்தால் ஆவி உங்கள் மூக்கைத் தாண்டித்தான் மேலே போகும், மேஜை மட்டத்தில் எதிர்ப்பக்கம் இருந்தால் நல்லது. ஆசிட் கலக்கும்போது தண்ணீரில் ஆசிடை ஊற்றுங்கள், ஆசிடில் தண்ணீரை அல்ல. கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில், இமையை விரித்துப் பிடித்து. ஐ-வாஷ் வாங்க முடியவில்லையென்றால் குழாயில் ஒரு ரப்பர் ட்யூப் மாட்டி வையுங்கள். ஸ்பிரிட் விளக்கு எரியும்போதோ சூடாக இருக்கும்போதோ ஸ்பிரிட் நிரப்பாதீர்கள்.

எந்தக் குப்பை எந்தப் பையில்?

2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி: ரத்தம் பட்ட பஞ்சு, துணி மஞ்சளில். ஊசி நீக்கிய சிரிஞ்ச், பிளாஸ்டிக் ட்யூப், கிளவுஸ் சிவப்பில். ஊசி, லேன்செட், பிளேடு வெள்ளை நிறத் துளைபடாத பெட்டியில். கண்ணாடி நீலத்தில். ரத்த சாம்பிளையும் கல்ச்சர் தட்டையும் லேபிலேயே கிருமி நீக்கிவிட்டுத்தான் வண்டிக்குக் கொடுக்க வேண்டும், ரத்தம் பட்ட பஞ்சு, துணியை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பெருக்க வருகிற அக்காவுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். பையில் தவறிப்போன ஊசி முதலில் குத்துவது அவருக்குத்தான், தடுப்பூசி போடும்போது எல்லோரும் மறப்பதும் அவரைத்தான்.

கர்ப்பமாக இருக்கிறேன். வேலையை விட வேண்டுமா?

விட வேண்டியதில்லை, மாற்றிக்கொள்ள வேண்டும். ஃபார்மலின், சைலீன் பக்கம் போகாமல், டிபி சளி பார்க்காமல், ரிப்போர்ட், பயோகெமிஸ்ட்ரி என்று வேலையை மாற்றிக் கேளுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைக் கர்ப்ப காலத்திலும் போடலாம். ரூபெல்லா போட முடியாது, அது உயிருள்ள வைரஸ் தடுப்பூசி. ஆகவே கல்யாணம் நிச்சயமாகும்போதே ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

ஓனர் எதுவும் செய்ய மாட்டேன் என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?

மேலே சொன்ன அதே 2016 விதிகள், ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வைப்பதும், வேலையில் சேரும்போதும் அதன்பின் வருடம் ஒரு முறையும் உடல் பரிசோதனை செய்வதும், பயிற்சி கொடுப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு என்கின்றன. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிற 2017 எச்ஐவி சட்டத்தின் 19-ஆம் பிரிவு, ரத்தம் படும் ஆபத்துள்ள இடங்களில் பாதுகாப்புப் பொருள்கள், பயிற்சி, ஊசி குத்தினால் தடுப்பு மருந்து எல்லாவற்றையும் நிர்வாகமே தர வேண்டும் என்கிறது. லேப் வேலையில் வரும் தொற்று நோயைத் தொழில் நோயாகவே 1923 ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் பட்டியலிட்டிருந்தது. இப்போதைய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தப் பட்டியல் தொடர்கிறது.

ஆனால் சட்டத்தைக் காட்டி ஓனரிடம் சண்டை போடச் சொல்லவில்லை, வேலையும் முக்கியம். பெரும்பாலான சின்ன லேப்களில் பிரச்சினை கெட்ட எண்ணம் இல்லை, யாரும் கேட்டதில்லை என்பதுதான். 'சார், நாலு பேருக்கு ஹெபடைடிஸ் பி போட்டுவிடலாமா' என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள், எழுத்தில் இருக்கும். தடுப்பூசியின் விலை ஒரு செல் கவுண்டர் ரீஏஜென்ட் பேக் அளவுக்குக்கூட வராது.

ஊசி குத்தியதைச் சொன்னால் திட்டுவார்களே, எழுதி வைக்கத்தான் வேண்டுமா?

எழுதுங்கள். தேதி, நேரம், எந்த வேலை செய்யும்போது, எந்த ஊசி, யாருடைய சாம்பிள் எண், என்ன செய்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள். நோட்டுப் புத்தகமே போதும், ஓனரோ டாக்டரோ கையெழுத்துப் போட வேண்டும். நோயாளியின் எச்ஐவி ரிசல்ட்டை மட்டும் அந்தப் பொது நோட்டில் எழுதாதீர்கள், அது ரகசியம். திட்டுகிற ஓனர்களுக்கும் ஒன்று: உங்கள் லேபில் வருடம் முழுக்க அந்த நோட்டு காலியாகவே இருக்கிறது என்றால் யாருக்கும் குத்தவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். யார் யார் சொல்லவில்லை என்று கேட்டுப் பாருங்கள், கேட்கும்போது திட்டாமல் கேளுங்கள். நாலைந்து பதிவு சேர்ந்ததும் எல்லாம் ஒரே மேஜையில், ஒரே நேரத்தில் நடந்திருப்பது தெரியும், அப்புறம் அந்த ஊசிப் பெட்டியை இரண்டடி நகர்த்தி வைத்தால் போதும்.